அடுக்களையும் அறப்போரும்: டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவையொட்டி வெண்ணந்தூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தளராமல் நடைபெறுவது எளிய செயலன்று. கவிதை படித்தவர், உரை நிகழ்த்தியவர், தலைமை தாங்கியவர் பெயர்களெல்லாம் விழா மலரில் இடம்பெறும். பாய் விரித்தவர், குடிநீர் கொணர்ந்தவர், வந்தவர்களுக்குத் தம் வீட்டில் உலை வைத்தவர் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவர்கள் இல்லையேல் வட்டமும் இல்லை. இவ்வுரையின் பொருள் அத்தகைய பெயரில்லா உழைப்பைப் பற்றியது. அதற்குச் சான்றாகக் கடல் கடந்த ஒரு பண்ணையின் அடுப்படியும் தோட்டமும் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தென்னாப்பிரிக்காவில் 1910ஆம் ஆண்டு முதல் 1913ஆம் ஆண்டின் தொடக்கம் வரை இயங்கிய டால்ஸ்டாய் பண்ணையே அது.

உணவும் கருப்பொருளே

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்த தொல்காப்பியர், அந்நிலத்தில் தோன்றி நிலைபெறுவனவற்றைக் கருப்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என அவை அமையும். தெய்வத்தை அடுத்து உணவு வைக்கப்பட்டிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரு மக்கள் கூட்டம் எதை விதைக்கிறது, எதை உண்கிறது, எம்மரத்தின் நிழலில் அமர்கிறது என்பதை அறியாமல் அதன் காதலையும் பிரிவையும் பாட முடியாது என்பது பண்டைத் தமிழ்ப் புலவரின் துணிபு. புறத்திணையிலும் அடுப்பு இடம்பெற்றுள்ளது. குமணனை நாடிச் சென்ற பெருந்தலைச் சாத்தனார், தம் வீட்டு அடுப்பில் காளான் முளைத்த நிலையைச் சொல்லியே தம் வறுமையைப் புலப்படுத்தினார். அரசனின் முன் அடுப்பைக் கொண்டுபோய் நிறுத்திய புலவர் மரபு நம்முடையது.

ஆயினும் தற்காலத்தில் அறப்போராட்டங்களைப் பற்றி எழுதும்போது அணிவகுப்பும் சிறையும் மேடைப்பேச்சும் மட்டுமே எழுத்தில் நிற்கின்றன. போராடியவர் உண்டனரா, உண்டது எது, அதை ஆக்கியவர் யார் என்னும் வினாக்கள் எழுவதில்லை. டால்ஸ்டாய் பண்ணையின் வரலாறு அவ்வினாக்களுக்கு விடை தருவதாக அமைந்துள்ளது. காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்தபோது 1923ஆம் ஆண்டில் குஜராத்தியில் எழுதத் தொடங்கிய தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்றில் இப்பண்ணைக்கென்று தனி இயல்களே ஒதுக்கினார். அவற்றில் பெரும்பகுதி ரொட்டி, பருப்பு, தண்ணீர், எரு, குழந்தைகள் பற்றியதாகும்.

கடல் கடந்த உழவர்கள்

பண்ணைக்குள் புகுமுன் தமிழர் அந்நாட்டுக்குச் சென்ற வகையைச் சுருக்கமாகக் காண்போம். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறக்கப்பட்டனர். சென்னைத் துறையில் கப்பலேறியோரின் பதிவேடுகளில் வட ஆர்க்காடு, செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களோடு சேலம் மாவட்டத்தின் பெயரும் காணப்படுகிறது. இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே இந்த வரலாறு வெண்ணந்தூருக்கு அயலான ஒன்றன்று.

முதலாண்டில் திங்கள் ஒன்றுக்குப் பத்து ஷில்லிங் கூலி, அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய், கருவாடு ஆகியவை அளந்து தரப்படும் படி, ஐந்தாண்டு ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் ஊர் திரும்பாமல் சிறு துண்டு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தனர். கரும்புத் தோட்டத்தில் கூலியாக இருந்தவர், காய்கறித் தோட்டத்தில் உழவராயினர். அவர்கள் பயிரிட்ட காய்கறிகளைத் தலைச்சுமையாக வெள்ளையர் வீட்டு வாயில்களில் விற்றவர்களுள் பெண்களும் இருந்தனர். வெள்ளைக் குடியேறிகளின் வாணிகத்துக்கு இது போட்டியாயிற்று. 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்தும் அந்நாட்டிலேயே தங்கியோர் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டது.

பிறந்த மண்ணின் பயிர் எல்லாம் அங்கே விளையவில்லை. விளைந்ததைக் கொண்டு பழைய வழக்கங்களை அவர்கள் காத்தனர். சேலம், நாமக்கல் சமவெளியில் ஆடித் திங்களில் மாரியம்மனுக்குக் கேழ்வரகிலும் கம்பிலும் கூழ் ஊற்றுவர். நேட்டால் தமிழர் அந்தக் கூழை மக்காச்சோள மாவில் காய்ச்சினர். இன்றும் தென்னாப்பிரிக்கத் தமிழரிடையே அவ்வழிபாடு நிலவுகிறது. தானியம் மாறியது, தெய்வமும் புளித்த கூழும் மாறவில்லை. புதிய நிலத்தில் கருப்பொருள் எவ்வாறு மாறிப் பொருந்துகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

பண்ணை தோன்றிய காரணம்

டிரான்ஸ்வாலில் ஆசியர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துச் சீட்டுப் பெறவேண்டும் என்ற சட்ட வரைவை எதிர்த்து 1906ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் நகரில் உறுதிமொழி ஏற்கப்பட்டது. போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கணவரும் மகனும் சிறை சென்றபின் வீட்டில் இருப்போர் உண்பது எங்ஙனம் என்ற வினா எழுந்தது. குடும்பங்களுக்குத் திங்கள்தோறும் பணம் தந்து தாங்க இயலவில்லை. ஒருவருக்குக் கூடுதல், ஒருவருக்குக் குறைவு என்னும் மனக்குறையும் தவிர்க்க முடியாததாயிற்று. சர் ரத்தன் டாடா போன்றோரின் நன்கொடை வந்தபோதும் அது நெடுநாள் நில்லாது என்பது தெளிவாயிற்று. எல்லாக் குடும்பங்களும் ஓரிடத்தில் கூடி, உழைத்து, ஒரே உலையில் உண்பதே வழி என்று காந்தியடிகள் முடிவு செய்தார்.

ஜெர்மானிய யூதரும் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக் 1910ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் தம் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அவர்களுக்கு வழங்கினார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 கல் தொலைவு. லாலி என்னும் புகைவண்டி நிலையம் அருகில். ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம் என ஆயிரத்தை நெருங்கும் பழமரங்கள், இரண்டு கிணறுகள், ஓர் ஊற்று, குன்றின் அடியில் ஐந்தாறு பேர் தங்கத்தக்க ஒரு சிறு வீடு. இவ்வளவே தொடக்கத்தில் இருந்தவை.

குடியேறியோரில் குஜராத்தியர், தமிழர், தெலுங்கர், வட இந்தியர் இருந்தனர். இந்து, முஸ்லிம், பார்சி, கிறித்தவர் எனச் சமயமும் பல. இளைஞர் சுமார் நாற்பதின்மர், முதியோர் இருவர் மூவர், பெண்கள் ஐவர், குழந்தைகள் இருபது முதல் முப்பது பேர் என்று காந்தியடிகள் கணக்குத் தருகிறார். பின்னர் இவ்வெண்ணிக்கை கூடியும் குறைந்தும் வந்தது.

ஒரே அடுப்பு, ஒரே பந்தி

முதலில் எழுந்த சிக்கல் அடுக்களைச் சிக்கலே. வந்த பெண்களுள் புலால் உண்போரும் இருந்தனர். தங்கள் இல்லத்து ஆடவர் சிறையில் வாட, அவர்களிடம் உணவுப் பழக்கத்தையும் விடுமாறு கேட்பது முறையா என்று காந்தியடிகள் தயங்கினார். புலால் வேண்டுமென்று அவர்கள் கேட்டால் மறுக்காமல் தருவது என்று முடிவு செய்தபின்பே அவர்களிடம் பேசினார். அவர்கள் தாமாகவே மரக்கறி உணவுக்கு இசைந்தனர். அதன் பின்னரே ஒரே அடுக்களை, ஒரே வரிசையில் பந்தி என்ற ஏற்பாடு உருவாயிற்று. பண்ணை இருந்த நாள்வரை ஆணோ பெண்ணோ எவரும் புலால் கேட்கவில்லை என்பது அவர் தரும் செய்தி. வற்புறுத்தாமல் கேட்டதால் கிடைத்த இசைவு அது.

உணவு முறை இன்றைய வாசகர்க்கு வியப்பளிக்கும் அளவு எளிமையானது. காலை ஆறு மணிக்கு ரொட்டியும் கோதுமையை வறுத்து அரைத்த காப்பியும். பகல் பதினொரு மணிக்குச் சோறு, பருப்பு, காய்கறி. மாலை ஐந்தரை மணிக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது மீண்டும் ரொட்டியும் காப்பியும். சிறையில் தரப்படும் கிண்ணம் போன்ற ஒரே கலத்தில் எல்லாம் பரிமாறப்பட்டன. மரக்கரண்டிகளைப் பண்ணையிலேயே செய்தனர். உண்ட கலத்தை உண்டவரே கழுவவேண்டும். பொதுப் பாத்திரங்களை முறைவைத்துக் கழுவினர். பணியாள் என்று எவரையும் வீட்டு வேலைக்கு அமர்த்தவில்லை.

கோதுமை இரும்புத் திரிகையில் கையால் அரைக்கப்பட்டது. நிலக்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெய்போல் ஆக்கினர். அது கடை வெண்ணெயின் விலையில் நாலில் ஒரு பங்கே ஆயிற்று. தோட்டத்து ஆரஞ்சின் தோலை வீணாக்காமல் இனிப்பாகக் காய்ச்சி வைத்தனர். நகருக்குச் சொந்த விருப்பில் செல்வோர் நடந்தே செல்லவேண்டும் என்பது பண்ணையின் விதி. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து இரண்டரைக்குப் புறப்படுவோரின் மூட்டையில் இந்த ரொட்டியும் கடலை வெண்ணெயும் ஆரஞ்சுத்தோல் இனிப்பும் இருந்தன. இராசிபுரம் வட்டாரத்து மானாவாரிக் காட்டில் நிலக்கடலை விதைக்கும் உழவருக்கு அந்தக் கட்டுச்சோற்றின் அருமையை விளக்கவேண்டியதில்லை.

இரமலான் திங்களில் முஸ்லிம் இளைஞர் நோன்பிருந்தபோது, துணையாக மற்றவர்களும் ஒருபொழுது இருந்தனர். மாலையில் நோன்பு துறப்போருக்கெனத் தனியே சிறப்பு உணவு ஆக்கப்பட்டது. சமய நல்லிணக்கம் பற்றி மேடையில் பேசப்படும் பல செய்திகளைவிட, ஒருவர் நோன்புக்கு மற்றவர் உலை வைத்த இச்செய்தி ஆழமானது.

தண்ணீர்க் காவடியும் மண்வெட்டியும்

ஊற்று குடியிருப்பிலிருந்து 500 கெஜம் தொலைவில் இருந்தது. தோளில் காவடித் தண்டு வைத்து இருபுறமும் குடம் தொங்கவிட்டுத் தண்ணீர் கொணர்ந்தனர். காவடி என்றதும் தமிழர் நெஞ்சில் முருகன் கோயிலே தோன்றும். டிரான்ஸ்வால் குன்றடியில் அச்சொல் மீண்டும் தன் பழம்பொருளுக்குத் திரும்பியது. கிணற்றில் மாடுகட்டிக் கவலை இறைத்த காலத்தைக் கண்ட முதியோர் இப்பகுதியில் இன்றும் உள்ளனர். ஒரு குடம் நீரின் எடை என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

அவ்வாறு சுமந்து வந்த நீரில் ஒரு துளியும் வீணாகவில்லை. பாத்திரம் கழுவிய நீரை வாளிகளில் சேர்த்து மரங்களுக்கு ஊற்றினர். உணவு மிச்சமும் காய்கறித் தோலும் எருவாயின. மனிதக் கழிவுக்கென வீட்டருகே ஒன்றரை அடி ஆழக் குழி வெட்டி, தோண்டிய மண்ணாலேயே மூடி வந்தனர். நாற்றமோ ஈயோ இல்லை. நிலத்துக்கு நல்லுரம் கிடைத்தது. ஒரு சிறு மண்வெட்டி பெருந்தொல்லை ஒன்றிலிருந்து மக்களைக் காக்கும் என்பது அங்கே கண்டறிந்த பாடம்.

இத்துப்புரவுப் பணிக்கும் நகரில் பொருள் வாங்கும் பணிக்கும் பொறுப்பேற்றவர் தம்பி நாயுடு. மொரீசியசில் பிறந்து, ஜோகன்னஸ்பர்க் தமிழர் நலச் சங்கத்தின் தலைவராக விளங்கி, பன்முறை சிறை சென்றவர். காந்தியடிகள் அவரைச் சிங்கத்துக்கு ஒப்பிட்டார். அந்தச் சிங்கம் பண்ணையில் ஏற்றது கழிவகற்றும் வேலையாகும். சாதியின் பெயரால் ஒரு சாரார் மீது மட்டும் சுமத்தப்பட்ட தொழிலை, சங்கத் தலைவர் ஒருவர் தம் பொறுப்பாகக் கொண்டார் என்பதை இன்றைய கவிஞர் ஊன்றி நோக்கவேண்டும்.

தறியும் துணியும் வாழ்வாகக் கொண்ட வெண்ணந்தூருக்கு இன்னொரு செய்தியும் உரியது. பண்ணையில் ஆண்கள் முரட்டு நீலத் துணியில் சிறை உடையைப் போன்ற காற்சட்டையும் சட்டையும் அணிந்தனர். அவற்றைத் தைத்தவர்கள் பெண்கள். தையற்பகுதி முழுவதும் அவர்கள் பொறுப்பில் இருந்தது. சிறைக்குப் போகாத நாளிலும் சிறை உடை. அதனைத் தைத்தவை சிறை சென்றவனின் தாயுடைய அல்லது மனைவியுடைய கைகள்.

பிள்ளைகளும் தமிழும்

காலை முழுவதும் குழி வெட்டுதல், மரம் பிளத்தல், சுமை தூக்குதல், தோட்ட வேலை. பகலுணவுக்குப் பின்னரே பள்ளி. களைப்பால் மாணவரும் ஆசிரியரும் கண் அயர்வது வழக்கமாயிற்று. பள்ளியில் தமிழும் ஒரு பாடம். கற்பித்தவர் காந்தியடிகள். அவருடைய தமிழறிவு கப்பற் பயணத்திலும் சிறையிலும் பெற்றது, ஜி. யு. போப் இயற்றிய தமிழ்க் கைந்நூலைத் தாண்டவில்லை என்று அவரே தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டுள்ளார். பிள்ளைகளோ தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள், எழுத்தறியாதவர்கள். ஆதலின் அரிச்சுவடி கற்பிக்க அவரால் இயன்றது. பேச்சில் பிள்ளைகளே அவரை வென்றனர். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் வந்தால், அம்மாணவர்களே ஆசிரியர்க்கு மொழிபெயர்ப்பாளராயினர்.

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. அப்பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழைத் தந்தது எப்பள்ளியும் அன்று. பள்ளிக்கு முன்பே, எழுத்துக்கு முன்பே, தாயின் அடுப்படியில் அது கிடைத்துவிட்டது. பருப்பு, உப்பு, உலை, கரண்டி என்னும் சொற்களோடு மொழி கடல் கடந்தது. ஏட்டில் எழுதப்படாத நிலையிலும் ஐம்பதாண்டுகள் அந்நாட்டில் தமிழ் உயிர்வாழ்ந்ததற்கு அடுக்களையே அரண். மொழிக் காப்பைப் பற்றிப் பேசும் அவைகளில் இப்பெண்களின் பங்கு பேசப்படவேண்டும்.

அகத்திலிருந்து புறத்திற்கு

1913ஆம் ஆண்டு தொடக்கத்தில் பண்ணை மூடப்பட்டது. எஞ்சியோர் டர்பன் அருகிலுள்ள பீனிக்ஸ் குடியிருப்புக்குச் சென்றனர். அவ்வாண்டு மார்ச் 14ஆம் நாள் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பளித்தார். கிறித்தவ முறைப்படி நடந்து உரியவாறு பதிவு செய்யப்பட்ட திருமணங்களன்றி மற்றவை செல்லா என்பது அதன் விளைவு. இந்து, முஸ்லிம், பார்சிப் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாயினர், பிள்ளைகள் உரிமையற்றோராயினர். சட்டம் வீட்டு வாசலைத் தாண்டி அடுப்படிக்கே வந்துவிட்டது. குடும்பம் என்பதே வழக்குக்குரிய பொருளாகிவிட்ட நிலையில், பெண்கள் வெளியே வந்தனர்.

டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்து பழகிய பெண்களே டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்டனர். அவர்கள் பதினொருவர், ஒருவர் நீங்கலாக ஏனையோர் தமிழர். அறுவர் கைக்குழந்தையுடன் சென்றனர். உரிமச்சீட்டின்றி வணிகம் செய்து பார்த்தனர்; எல்லையைக் கடந்தும் பார்த்தனர்; கைது செய்யப்படவில்லை. பின்னர் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, மூன்று பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். அவர்கள் பேசிய மொழி தொழிலாளரின் வீட்டு மொழி. சுரங்கங்களில் வேலைநிறுத்தம் பரவியது. 1913ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அப்பெண்கள் கைது செய்யப்பட்டு மூன்று திங்கள் சிறைத்தண்டனை பெற்றனர். மாரிட்ஸ்பர்க் சிறையின் உணவு மிக இழிவானதாக இருந்தது. சிறையில் நோயுற்ற வள்ளியம்மை, விடுதலையான சின்னாட்களில் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் தம் பதினாறாம் வயதில் உயிர்நீத்தார். தில்லையாடியின் பெயரோடு அவர் இன்று அறியப்படுகிறார்.

வேலைநிறுத்தம் செய்தவர்களின் குடியிருப்புகளில் சுரங்க முதலாளிகள் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தினர். குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் தெருவுக்கு வந்தன. நியூகாசிலில் அவர்களை ஏற்றவர் லாசரஸ் என்னும் தமிழ்க் கிறித்தவர். இரண்டு மூன்று அறைகள் கொண்ட சிறு வீடும் சிறிது நிலமும் உடையவர். அவ்வீடு சத்திரமாயிற்று. இரவு பகலாக அடுப்பு அணையவில்லை. லாசரஸின் மனைவியார் நாள் முழுவதும் அடிமைபோல் உழைத்தார். ஆயினும் கணவன் மனைவி இருவர் முகத்திலும் புன்னகை மாறவில்லை என்று காந்தியடிகள் பதிவு செய்துள்ளார். விருந்தோம்பல் என்பது இல்லறத்தின் அணி என்று கற்பிக்கப்படுகிறது. நியூகாசிலில் அது போரின் படைக்கலமாயிற்று. அகமும் புறமும் பிரிக்க இயலாதவாறு கலந்த இடம் அந்த அடுப்படி.

சார்லஸ்டவுன் என்னும் எல்லை ஊரில் ஆயிரக்கணக்கானோர்க்குச் சோறாக்கும் பணிக்குக் காந்தியடிகளே தலைமைச் சமையற்காரரானார். சில நாள் பருப்பில் தண்ணீர் மிகுந்தது. சில நாள் பருப்பு வேகவில்லை. சோறும் சில வேளை பதம் தவறியது. எவரும் குறை கூறவில்லை. நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தனர். அவர்கள் போக எண்ணிய இடம் டால்ஸ்டாய் பண்ணை. வழியில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை இராத்தல் ரொட்டி, ஓர் அவுன்சு சர்க்கரை. 1914ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி நீங்கியது, திருமணங்கள் ஏற்பளிக்கப்பட்டன.

மரக்கிளையில் தொங்கிய சோறு

இவ்வரலாற்றின் தொடர்ச்சி தமிழ்நாட்டிலும் உண்டு. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி, தென்னாப்பிரிக்கப் போராட்டத்துக்கு நிதி திரட்டி அனுப்பினார். அவரே 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்கத் தொண்டர்களுடன் நடந்தார். தொண்டர்க்கு உணவோ இடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் ஆணையிட்டார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். கொடுத்தவர் யாரென்று எவர்க்கும் தெரியவில்லை.

அந்நடைப்பயணத்துக்கு வழிநடைப்பாட்டு எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. இம்மண் தந்த கவிஞரின் பாட்டு தொண்டர்களின் கால்களுக்கு வலிமை தந்தது, இன்றும் நிற்கிறது. அக்கால்களுக்கு வலிமை தந்த சோற்றை இரவில் வடித்து இலையில் கட்டிய கைகளின் பெயர் நிற்கவில்லை. பாட்டும் சோறும் ஒரே வழியில் சென்றன. ஒன்றுக்கு மட்டும் ஆசிரியர் பெயர் உண்டு.

விடுபட்டவை

டால்ஸ்டாய் பண்ணையைக் குறையற்ற பொன்னுலகாகக் காட்டுவது ஆய்வு நெறியாகாது. ஆண்கள் கைகொடுத்தாலும் சமையலும் தையலும் பெரிதும் பெண்கள் மீதே அமைந்தன. அச்சமன்மை பண்ணையிலும் முழுமை பெறவில்லை. நியூகாசில் சென்ற பதினொருவரின் பட்டியலை நோக்கின், ஒன்பதின்மர் கணவர் பெயராலேயே சுட்டப்படுகின்றனர். தம்பி நாயுடுவின் மனைவி, பெருமாள் நாயுடுவின் மனைவி, சின்னசாமி பிள்ளையின் மனைவி என்பதே அவர்களுக்குக் கிடைத்த முகவரி. தம்பி நாயுடுவின் துணைவியார் வீரம்மாள் என்று பின்னாளில் அறியப்பட்டார். லாசரஸின் மனைவியாருக்கோ, அணையா அடுப்பைக் காத்தவருக்கோ, காந்தியடிகளின் நூலில் தன்பெயர் இல்லை.

மற்றொன்று, அந்நிலத்தின் பழங்குடிகளைப் பற்றியது. இந்தியர் உரிமைக்குப் போராடிய அதே 1913ஆம் ஆண்டில் பூர்வகுடிகள் நிலச் சட்டம் நிறைவேறியது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கே ஆப்பிரிக்க மக்களுக்கு என்று அது வரையறுத்தது. பழமரம் நிறைந்த பண்ணையின் கதையைச் சொல்லும்போது, சொந்த மண்ணில் தோட்டம் போட இடமிழந்தோரையும் நினைப்பதே நடுவுநிலைமை.

கவிஞர்களின் கடன்

இவற்றிலிருந்து வட்டத்தின் கவிஞர்க்கு உரிய கடன் ஒன்று தெளிவாகிறது. அடுக்களையைப் பாடுதல் புதியதன்று. ஆனால் பெரும்பாலும் அது தாய்மையின் பெருமையாகவோ, பெண்ணின் சிறையாகவோ மட்டும் பாடப்படுகிறது. டால்ஸ்டாய் பண்ணையின் அடுப்பு இவ்விரண்டிலும் அடங்காது. அங்கே சமைத்த கைகளே சுரங்கத்தை நிறுத்தின. குடத்தின் எடை, திரிகையின் சுற்று, பந்தியின் வரிசை, பொதுப்பாத்திரம் கழுவும் முறை ஆகியவற்றை உள்ளது உள்ளவாறு எழுதினாலே போதும். பெருமையும் துயரும் தாமாக வெளிப்படும். உணவின் பெயரைத் திருத்தமாக எழுதுதல் உணர்ச்சியைத் திருத்தமாக எழுதுதலின் முதற்படி. தொல்காப்பியர் உணவைக் கருப்பொருளில் வைத்ததன் பயன் அதுவே.

வெண்ணந்தூர் வட்டாரத்தில் இதற்குப் பொருள் குறைவில்லை. தறியில் அமர்ந்தவரை நெசவாளர் என்று ஊர் அறியும். விடியலில் களி கிண்டிவிட்டு, தார் சுற்றி, பாவுக்குத் துணைநின்று, புழக்கடையில் அவரையும் சுரையும் ஏற்றிவிட்ட பெண்ணை எப்பெயரால் அறிவது? சோளச்சோறும் கம்மங்கூழும் அரிசிக்கு வழிவிட்ட காலத்தை நேரில் கண்ட மூதாட்டியர் இன்றும் இருக்கின்றனர். பஞ்ச காலத்தில் எதை உண்டனர், வேலை நின்ற நாட்களில் எந்த வீட்டு அடுப்பு பிறர்க்கும் எரிந்தது, புழக்கடையில் எந்தச் செடி குடும்பத்தைக் காத்தது என்பனவெல்லாம் அவர்கள் நினைவில் உள்ளன. அவர்களுக்குப் பின் அந்நினைவு எந்த ஏட்டிலும் இராது.

வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் அத்தகைய ஒருவரையேனும் அணுகி, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதி வைத்தல் வேண்டும். கணவர் பெயராலோ மகன் பெயராலோ அன்றி, அவரவர் பெயராலேயே அது பதிவாதல் வேண்டும். லாசரஸ் வீட்டு அடுப்பைக் காத்த அம்மையாரின் பெயரை இனித் தேடிக் கண்டறிவது அரிது. இங்குள்ளோர் பெயரைக் கேட்டறிய இன்னும் காலம் இருக்கிறது. அடுத்த பத்தாண்டு நிறைவில் வெளிவரும் மலரில் அப்பெயர்கள் இடம்பெறுமாயின், இவ்வட்டம் தமிழுக்கு ஆற்றிய பணிகளுள் அது தலையாயதாக நிற்கும்.

வட்டம் நீடு வாழ்க!